ஓடையைக் கோணலாக்கிய குடும்பம்

1

கூட்டம் நடந்த அன்று பால் சங்கத்தின் மாடி அறையில் இருந்தவர்கள்: மூத்தவள் (வீட்டுப் பொறுப்பில் இருக்கும் மூத்த மருமகள்), அவளுடைய கொழுந்தன், கொழுந்தன் மனைவி, சங்கச் செயலாளர், கீழ்வளைவில் மீன்குட்டை வைத்திருக்கும் குட்டைக்காரர், ஓடைக்கும் அதன் இரு கரை நிலங்களுக்கும் திட்டம் போட வந்த பெண் அதிகாரி. ஆறு பேர். ஏழாவதாகத் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர் அப்போது கீழே பால்கேன் கழுவிக்கொண்டிருந்தார். குளிரூட்டும் தொட்டியின் இரைச்சலைத் தவிர அவர் காதில் எதுவும் விழுந்திருக்க வழியில்லை.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஓடைத் திட்ட அறிக்கையின் கடைசியில் நிலக்காரர்கள் தங்கள் தரப்பைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. "அரைப் பக்கம் போதும்மா" என்றார் அதிகாரி. மூத்தவள் எழுத உட்கார்ந்தாள். அரைப் பக்கத்தில் அடங்குகிற குடும்பம் வேறு ஏதாவது குடும்பமாக இருக்கும். இது அடங்கவில்லை; எழுதி முடிய இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

மூத்தவள்தான் இதை எழுதுகிறாள். "நான்" என்று எழுதினால் வாசிக்கிறவர் உடனே பரிதாபப்படத் தொடங்கிவிடுவார். அந்த வசதியை அவருக்குத் தருவதாக இல்லை. "நாங்கள்" என்று வரும். அது வேறு.

2

முதல் தொடக்கம்:

"ஒரு ஊரில் அழகான ஓர் ஓடை இருந்தது. அதன் தெளிந்த நீரில் வானம்—"

(நிறுத்தியாயிற்று. வானம் எல்லா நீரிலும்தான் தெரியும். சாக்கடையிலும் தெரியும்.)

இரண்டாம் தொடக்கம்:

"குன்றின் அடியில் ஊறி, வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் கடந்து, ஆற்றில் சேரும் இந்த ஓடையின் நலம்—"

(அதிகாரியின் அறிக்கை இப்படித்தான் தொடங்குகிறது. இரவல் வாங்கிப் பழக்கமில்லை.)

மூன்றாவது:

"மாமனார் ஓடையை நேராக்கினார்."

இது நிற்கட்டும். இதில் பொய் இல்லை, அலங்காரம் இல்லை, மன்னிப்பும் இல்லை.

அவர் காலத்தில் ஓடை எங்கள் நிலத்துக்குள் நாலு வளைவு வளைந்து போனது. மழைக்கு ஒவ்வொரு வளைவும் ததும்பித் தீவனப் புல்லை மூழ்கடிக்கும். ஒரு கோடையில் ஆட்களை இறக்கி, மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைவரை ஒரே நேராக வெட்டிவிட்டார். பழைய வளைவுகளை மண் போட்டு மூடினார். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் மழைக்கு முன்பு வீட்டு மனிதர்களே ஓடைக்குள் இறங்குவோம். கூலிக்கு ஆள் வைப்பதில்லை. புல்லை அறுப்போம், நாணலை வேரோடு பிடுங்குவோம், விழுந்த கிளையை இழுத்துப் போடுவோம், அடிமண்ணைச் சுரண்டுவோம். பாலத்திலிருந்து பார்த்தால் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருக்கும்.

மூத்தவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று, வீட்டுக்குள் நுழையும் முன்பே அவளைப் பாலத்தில் நிறுத்தி அதைக் காட்டினார்கள். நகைப்பெட்டியைக் காட்டவில்லை. ஓடையைக் காட்டினார்கள். இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. பிறந்த வீட்டை அவள் அந்தப் பாலத்திலேயே விட்டுவிட்டாள் என்று சொன்னால் அது மிகை. பாதியை விட்டாள்.

3

கூட்டம் நடந்த அன்று காலையில் அதிகாரி எங்கள் ஓடையைப் பார்க்க வந்தார். நாற்பது வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். கொழுந்தனும் மூத்தவளும் கூடப் போனார்கள்.

முதலில் எங்கள் மேல் எல்லைக்கு அப்பால் அழைத்துப் போனார். அது கேட்பாரற்ற இடம். புதரும் வேரும் விழுந்த மரமுமாக ஓடை தெரியவே தெரியாது. அதிகாரி நீருக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்துப் புரட்டிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் புழுக்கள், பூச்சிக் குஞ்சுகள், கால் முளைத்த என்னென்னவோ.

"ச்சீ" என்றார் கொழுந்தன். "எவ்வளவு அசிங்கமா வச்சிருக்காங்க பாருங்க அண்ணி."

பிறகு எங்கள் ஓடை. அதிகாரி ஒரு கல்லைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். பத்தடி நடந்து மூன்றாவதைப் புரட்டினார்.

"பாத்தீங்களா?" என்றார் கொழுந்தன். அவர் நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் வந்திருந்தது. "கல்லுக்கு அடியிலகூடச் சுத்தம்."

"ஆமா சார். இங்க ஒண்ணும் வாழல."

"வாழக் கூடாதுன்னுதானே மேடம் இத்தனை பாடுபடறோம்."

அதிகாரி சிரிக்கவில்லை. அதை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். கல்லை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னதன் சாரம் கீழே.*

*நிழல் இல்லாததால் நீர் சுடுகிறது. வேர் இல்லாததால் கரை உதிர்கிறது. வளைவு இல்லாததால் மழைத் தண்ணீர் அவிழ்த்துவிட்ட கன்றுபோல் ஓடிக் கீழ்வளைவில் போய் முட்டுகிறது. மாடுகள் கண்ட இடத்தில் இறங்கிக் கலக்குவது தனி. (எழுதுகிறவளின் குறிப்பு: இதை அவர் தணிந்த குரலில்தான் சொன்னார். கத்தியிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.)

4

இங்கே ஒரு வில்லன் தேவைப்படுகிறான். குட்டைக்காரரை வைத்து முயன்று பார்த்தாயிற்று.

"குட்டைக்காரரின் கண்களில் நெடுநாள் வஞ்சம் கனன்று—"

கனலவில்லை. அந்த மனிதருக்குக் கண்புரை. கூட்டத்துக்கு வந்தவர் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று, தன் வீட்டை விரலால் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் நிலம் மட்டும் சிவப்பு. பக்கத்தில் "சீர்கெட்ட பகுதி" என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் கொழுந்தனுக்கு முகமும் அதே நிறமாயிற்று.

"யாரைக் கேட்டு எழுதினீங்க? ஊர்லயே சுத்தமான ஓடை எங்களுது."

"சுத்தம்தாங்க" என்றார் குட்டைக்காரர். "உங்க அழுக்கு பூரா என் குட்டையில இல்ல இருக்கு. மீனைவிட மண்ணுதான் அதிகமா வளக்கறேன்."

செயலாளர் இருமினார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

"போன மழைக்கு முன்னாடி என் அடுப்படிச் சுவருக்கும் ஓடைக்கும் நடுவுல ஒரு கட்டில் போடலாம்" என்றார் குட்டைக்காரர். "இப்ப ஒரு ஸ்டூல் போடலாம். அடுத்த மழைக்கு என் பொண்டாட்டி ஓடையிலதான் நின்னு சமைக்கணும்."

"அங்க யாரு உங்களை வீடு கட்டச் சொன்னது?"

"கட்டினப்ப ஓடை அங்க இல்லைங்களே, சின்ன முதலாளி. நீங்க அனுப்பி வச்சதுதான்."

இப்படிப் பேசுகிறவரை வில்லனாக எழுத முடியாது. மூத்தவளுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கினாள்.

அதிகாரி திட்டத்தைச் சொன்னார். இரண்டு கரையிலும் முப்பதடி விட்டுவிட வேண்டும். அதில் அறுக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது, சுரண்டக் கூடாது. மாடு இறங்காமல் வேலி. பழைய வளைவுகள் இருந்த இடத்தில் மரத்துண்டுகளைப் பதித்துத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும்.

கொழுந்தன் மனைவி மூத்தவளின் காதருகே குனிந்தாள். "அக்கா, கரையெல்லாம் புதர் மண்டினா பாலத்துல போறவங்க என்ன பேசுவாங்க? வீட்ல ஆள் இல்ல, பொழப்பு போச்சும்பாங்க."

அவள் சொன்னது சின்ன விஷயம் இல்லை. அந்த அறையில் எங்கள் வீட்டுக்கு ஆபத்து என்று ஒன்று இருந்தது என்றால் அது அதுதான். ஒரு பக்கம் அடுத்தவர் அடுப்படிச் சுவர். மறுபக்கம் எங்கள் பெயர்.

கொழுந்தன் முடியாது என்றார். அதிகாரி வற்புறுத்தவில்லை. "கட்டாயம் இல்ல சார். ஒப்புதல் இல்லாத நிலத்தை வரைபடத்துல வெள்ளையா விட்டுடுவோம். உங்களைத் தவிர்த்து மீதி இடத்துக்குத் திட்டம் போடுவோம். பலன் குறையும். என்ன பண்றது?"

"அப்படியே விட்டுடுங்க" என்றார் கொழுந்தன். அவருக்கு நிம்மதி. சிவப்பு போய்விடுகிறதே.

5

வாசிக்கிறவரே, இந்த இடத்தில் கதைக்குச் சில வாசல்கள் உண்டு.

ஒன்று: வெள்ளையாக விட்டுவிடுகிறார்கள். அடுத்த மழையில் குட்டைக்காரரின் சுவர் விழுகிறது. மூத்தவள் பாலத்தில் நின்று— (இல்லை. ஒரு வீடு இடிந்துதான் இவளுக்குப் புத்தி வர வேண்டும் என்று நினைக்கிறவர் வேறு கதைக்குப் போகலாம்.)

இரண்டு: எல்லோரும் கண்கலங்கி, கைகோத்து, கரையில் மரக்கன்று நடுகிறார்கள். (காலண்டருக்கு ஆகும்.)

மூன்றாவது நடந்தது. அதை எழுதுவதில்தான் சிக்கல். ஏனென்றால் மூத்தவள் நம்பும்படியாக இல்லை. இத்தனை வருஷம் நாணல் பிடுங்கிய கை ஒரு நிமிஷத்தில் எப்படித் திரும்பும்? இரக்கம் என்று எழுதினால் குட்டைக்காரர் கோபித்துக்கொள்வார். அவருக்கும் மானம் உண்டு. அறிவு வந்தது என்று எழுதினால் அதிகாரிக்குப் பெருமை. அவர் பெருமைக்கு அலைகிறவர் இல்லை.

உண்மை இது. வெள்ளை என்ற சொல்தான் அவளை எழுப்பியது. சிவப்பு என்றால் திட்டுகிறார்கள். திட்டுவதற்காவது நாம் இருக்க வேண்டும். வெள்ளை என்றால் நாம் இல்லை. ஓடை மேலே இருக்கிறது, கீழே இருக்கிறது, நடுவில் ஒரு குடும்பம் காணாமல் போய்விட்டது. அதுவும் பயந்துபோய்.

"வெள்ளையா விடாதீங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அதுவரை அவள் பேசவில்லை.

"சிவப்பே இருக்கட்டும். பக்கத்துல எழுதுங்க. இதை நேராக்கினது இந்தக் குடும்பம். கோணலாக்கப் போறதும் இந்தக் குடும்பம்."

"அண்ணி" என்றார் கொழுந்தன்.

"முப்பதடி மத்தவங்களுக்கு வச்சுக்குங்க. எங்களுக்கு அறுபது."

"அறுபதெல்லாம் தேவையில்லம்மா" என்றார் அதிகாரி.

"தேவைக்குச் செய்யலம்மா. நாங்க செஞ்சா எப்படிச் செய்வோம்னு தெரியட்டும்."

"அண்ணி, தீவன நிலம் பாதி போயிடும். மாட்டைக் குறைக்கணும்."

"மாடு குறையட்டும். வீடு குறையாது."

"அப்பா போட்ட கோடு அண்ணி அது."

"அவர் யாரையாவது கேட்டா போட்டார்?" என்றாள் மூத்தவள். "நானும் கேக்கல."

(இங்கே "நான்" வந்துவிட்டது. பேச்சில் வந்ததை மாற்ற முடியாது. அன்று அந்த அறையில் அதைச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.)

அப்பாவை மறுத்துவிட்டாளே என்று கொழுந்தன் அன்று சாப்பிடவில்லை. மூத்தவளின் கணக்கு வேறு. மாமனார் ஓடைக்கு அடங்காத மனிதர். தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அந்தத் துணிச்சல்தான் இந்த வீட்டுச் சொத்து. கோடு அதன் ஒரு வருஷத்து வேலை, அவ்வளவுதான். அவரே இருந்து, அந்த அடுப்படிச் சுவரையும் பார்த்திருந்தால்— (தெரியாது. இறந்தவர் வாயில் வசதியான வசனம் வைக்கப்போவதில்லை.)

குட்டைக்காரர் படி இறங்கும்போது, அவள் பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துச் சொன்னார்: "பெரிய வீட்டம்மா, கோணலைக் கொஞ்சம் அளவா விடுங்க. கோபத்துல ரொம்ப விட்டீங்கன்னா மறுபடி எங்க வீட்டுக்கே வந்து நிக்கும்."

"வந்தா ஸ்டூல் போட்டு உக்கார வைங்க" என்றாள்.

6

வேலை என்றால் எங்களுக்குச் செய்யத் தெரியும். செய்யாமல் இருப்பதுதான் தெரியவில்லை. திட்டத்து ஆட்கள் மரத்துண்டுகளைப் பதித்தார்கள், நாங்கள் வேலி போட்டோம், அதெல்லாம் சில நாள் பாடு. பிறகு வழக்கமாக ஓடைக்குள் இறங்கும் பருவம் வந்தது. கொழுந்தன் மனைவி பழக்கத்தில் அரிவாள்களைத் தீட்டி வைத்துவிட்டாள். தீட்டியதை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றியிருந்த செடிகளையெல்லாம் மொட்டையடித்தாள்.

ஒருநாள் விடியற்காலையில் மூத்தவள் கரைக்குப் போனபோது கொழுந்தன் அங்கே குனிந்து நின்றார். கையில் பிடுங்கிய நாணல்.

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"பாக்கெட்ல வை."

"நாணலையா?"

"கையை."

இரண்டு மழை போய்விட்டது. முதல் மழையில் ஒரு மரத்துண்டு பிடுங்கிக்கொண்டு போனது. மறுபடி பதித்தோம். ஓடை இரண்டு இடத்தில் முழுதாக வளைந்திருக்கிறது, மூன்றாவது இடத்தில் யோசித்துக்கொண்டிருக்கிறது. கரை நெடுக ஆள் உயரத்துக்குப் பச்சை. பார்க்க நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. மூத்தவளின் கண்ணுக்கு இன்றுவரை நன்றாக இல்லை. நன்றாக இருக்கிறது என்று பொய் எழுதிக் கதையை முடிக்கப்போவதும் இல்லை.

குட்டைக்காரரின் சுவர் நிற்கிறது. ஓடைக்கும் அதற்கும் நடுவிலுள்ள இடம் குறையவில்லை, கூடவும் இல்லை. பெருமழை என்று சொல்லத்தக்க மழை இன்னும் வரவில்லை. அது வரும்போது அந்தச் சுவர் தாங்குமா, நாங்கள் கோணலாக்கியது போதுமா என்பது ஓடைக்கே இன்னும் தெரியாது. ஓடையை முந்திக்கொண்டு எழுதும் உத்தேசம் எழுதுகிறவளுக்கு இல்லை. அவசரமாக முடிவு வேண்டியவர் தாமே ஒன்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் சுவரை விழவைப்பதாக இருந்தால், அதை முதலில் குட்டைக்காரரின் மனைவியிடம் படித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள்.

ஒரு பேச்சை மட்டும் திருத்தியாக வேண்டும். பாலத்தைக் கடக்கும் பேருந்தில் சொல்கிறார்களாம்: அந்தக் குடும்பம் நொடித்துப்போய்விட்டது, கரையை வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள், வாங்கியவன் கவனிக்காமல் காடாகப் போட்டிருக்கிறான் என்று.

விற்கவில்லை. கரை எங்களுடையது. புதரும் எங்களுடையது.