நாலு ஆணி அடித்த பலகை

1

இந்தக் கதை என் கைக்குச் சாக்குத் துணியில் சுற்றி வந்தது. பழைய நாடக அரங்கு ஒன்றை இடிப்பதைப் பற்றிச் செய்தி எழுதப் போயிருந்தேன். இடிப்பு வேலையின் மேற்பார்வையாளர், ஒரு காலத்தில் அங்கே மேடைத் தச்சராக இருந்தவரின் மகன். அவர்தான் சாக்கில் சுற்றிய ஒரு மரத்துண்டைக் கொடுத்தார். மேலே நாலு ஆணித் தலைகள். அடிப்பக்கம் நாலு விரல் ஆழத்துக்குச் சட்டம் கட்டி, வேறொரு பலகையால் மூடி, இரண்டு திருகாணி முடுக்கியிருந்தது.

"அப்பா வேலையில பண்ணின ஒரே தப்பு இதுதான்" என்றார். வேலையை விட்டு நின்றபோது தச்சர் இதை மேடையிலிருந்து பெயர்த்து எடுத்துப் போய், அடியை மூடி வைத்தாராம். உள்ளே என்ன என்று கேட்டேன்.

"அவர் மூடினதை நான் எதுக்குங்க பிரிக்கணும்?"

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பதினோரு டிரங்குப் பெட்டிகளோடு ஊர் ஊராக அலைந்த அந்த மர்ம மனிதர், தன் கூரிய கண்களால்...'

அடித்துவிட்டேன். அந்த அரங்குக்கு ஒருமுறை வந்துபோன வித்தைக்காரர் அவர்; அவரிடம் மர்மம் ஒன்றும் இல்லை. கடிகாரம் பழுதுபார்த்தவர். மனைவி தையல் வேலை தெரிந்தவர். பார்வையாளரின் கடிகாரத்தை வாங்கி உடைத்து, ஓடுகிற நிலையில் திருப்பித் தருவது அவருடைய முதல் வித்தை. கடையில் செய்த அதே வேலைதான். மேடையில் வேகம் மட்டும் கூடியது. சினிமா வருவதற்கு முந்தைய காலம். ரயிலிலும் படகிலும் வண்டியிலும் இருவரும் போகாத ஊர் குறைவு. மேடையில் அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். (கூச்சமா, கணக்கா என்று எனக்குத் தெரியவில்லை. 'திக்குவாய்' என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன். ஆதாரம் இல்லை, எடுத்துவிட்டேன்.)

3

எந்த ஊரானாலும் காலையிலேயே அரங்குக்குப் போய்விடுவார். வெறுங்காலோடு மேடை முழுக்க நடந்து, ஒட்டுப்போட்ட துண்டு ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் ஆணிகளைப் பிடுங்கி, அடியில் கொண்டி பொருத்துவார். அதன்மேல்தான் பெட்டி நிற்கும். பெட்டிக்குள் போகிற மனைவி கொண்டியைத் தட்டி, மேடைக்கு அடியில் இறங்கி, சுற்றிக்கொண்டு போய், பார்வையாளர்களின் கடைசி வரிசையில் எழுந்து நிற்பார். இதை அரங்கில் யாரிடமும் சொல்வதில்லை.

இந்த அரங்கின் மேடைத் தச்சருக்கும் ஒரு வழக்கம் உண்டு. காட்சிக்கு முன்னால் சுத்தியலோடு ஒரு நடை. என்றோ ஒரு நடனக்காரியின் கால் பிசகியதிலிருந்து, ஆடுகிற பலகையை அவரால் பொறுக்க முடியாது. வித்தைக்காரர் இங்கே வந்த அன்று ஒன்று ஆடியது. பழைய துளைகளை விட்டுத் தள்ளி, நீளமாகப் பார்த்து நாலு ஆணி அறைந்தார்.

4

பெட்டி மூடியது. உள்ளிருந்து இரண்டு தட்டல் கேட்டது. ஆபத்துக்கென்று பேசி வைத்து, அதுவரை ஒருமுறைகூடத் தேவைப்படாத சைகை.

இங்கே வித்தைக்காரர் வியர்ப்பதையும் தயங்குவதையும் ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். பக்கவாட்டில் நின்ற தச்சர் பார்த்தது வேறு. தட்டல் கேட்ட அதே மூச்சில் வித்தைக்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார். அடுத்த நாலு ஊர்களில் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. அந்த அரங்குகள் ஒப்புக்கொண்டதே இந்த ஒரு வித்தைக்காக. அதையெல்லாம் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

மனைவி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"எங்கயும் போக மனசு வரலைங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. வித்தைக்காரர் கூட்டத்துக்குக் குனிவதை விட்டு, மனைவிக்குக் குனிந்து வணங்கினார்.

(இந்த வசனம் என் கைவரிசை இல்லை. மறுநாள் செய்தித்தாளில் அப்படியே இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.)

5

அரங்க முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. நாளையும் அம்மா பெட்டியிலேயே இருந்தால் 'வித்தை பலிக்கவில்லை' என்று அடுத்த ஊர்களுக்குத் தானே தந்தி அடித்துவிடுவதாகச் சொன்னார். பெட்டியை நகர்த்தியதும் தெரிந்த நாலு புது ஆணிகளைக் காட்டி, அடித்தவன் யார், இப்போதே கணக்குத் தீர்த்து அனுப்புகிறேன் என்றும் குதித்தார்.

"நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றார் வித்தைக்காரர்.

தச்சர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் குறடோடு வந்து நின்றார். வித்தைக்காரர் பிடுங்க விடவில்லை. மாலையில் மேடைக்கு வந்து எல்லோர் முன்னாலும் தரையைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்றார்.

"பொய் சொல்லச் சொல்றீங்களாய்யா?"

"ஆணி இருக்கான்னு பாருங்க. இருந்தா இருக்குன்னு சொல்லுங்கண்ணே."

"இருந்தா அம்மா எப்படி இறங்குவாங்க?"

வித்தைக்காரர் ஆணித் தலைகளை விரலால் தடவினார். "நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க. கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க."

6

அன்று மாலை தச்சர் மண்டியிட்டுப் பார்த்து, "நாலும் இருக்கு" என்றார். பெட்டி திறந்தது, காலி. கடைசி வரிசையில் மனைவி எழுந்து நின்றார். அதன் பிறகு பத்தொன்பது வருடம், போன ஊரிலெல்லாம் அந்த ஊர்த் தச்சரையே மேடைக்கு அழைத்துச் சோதிக்க வைத்தார் வித்தைக்காரர். சறுக்கிய இடத்திலிருந்தே புதிதாக ஒன்றைச் செய்துகொண்டவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த நாலு ஆணிகளைப் பிடுங்கிய தழும்பு மரத்தில் இல்லை; பார்த்துவிட்டேன். அப்படியானால் கடிகாரக்காரரின் மெல்லிய ரம்பம் அடியிலிருந்து ஆணிகளை அறுத்துத் தலைகளை மட்டும் விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தரையையே விட்டுவிட்டு, ஒரே பகலில் மனைவிக்கு வேறு வழி கண்டுபிடித்திருக்க வேண்டும். முதலாவது என்றால் கையை மெச்சலாம், இரண்டாவது என்றால் மூளையை. எனக்கு இரண்டையும் விட மனமில்லை.

பலகை என் மேசைமேல் இருக்கிறது; அடிமூடியைப் பிரித்தால் ஆணிகள் அறுபட்டவையா முழுசா என்று தெரிந்துவிடும். திருகாணிகள் துருவேறியவை, ஆனாலும் சுழல்கின்றன. கால் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப முடுக்கிவிட்டேன். திருப்புளி இழுப்பறையில் கிடக்கிறது. தெரிந்தே ஆக வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொஞ்ச நேரம் வெளியே நிற்கிறேன்.