மிதிபட்ட பனிக்குக் கீழே

ரீக்கா ஹெல்சின்கியிலிருந்து எங்கள் வடகோடிக்கு வந்தபோது எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. மலையடிவாரத்து ஆராய்ச்சிக் குடிசையில் குளிர்காலம் முழுக்கத் தனியாக இருந்து, பனிக்குக் கீழே மண்ணில் எத்தனை பாக்டீரியா பிழைத்திருக்கிறது என்று பார்க்கப் போகிறாளாம். என் பனிமான்களில் எத்தனை பிழைத்தன என்று இதுவரை ஒருவரும் வந்து கேட்டதில்லை.

ஆனால் எங்கள் பக்கம் சூரியன் மலைக்குப் பின்னால் போனால் மாதக்கணக்கில் திரும்பாது. மனைவி இறந்த பிறகு என் வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான். ஒரு நாள் உலர்ந்த இறைச்சியைக் கட்டிக்கொண்டு, பனியில் போகிற சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு அவள் குடிசைக்குப் போனேன். மறுநாளும் போனேன். அப்புறம் போகாத நாளே இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுத் தருவாள். அதைத் தின்றுகொண்டே ஊரில் ஒருவரையும் விடாமல் புறம் பேசுவோம்.

எப்போதும் ஒரே தடத்தில்தான் போவேன். மான் மேய்க்கிறவன் எவனும் அப்படித்தான். கண்ட இடத்தில் மிதித்தால் பனி இறுகிவிடும், மான் அடியில் இருக்கிற பாசியைத் தோண்டித் தின்ன முடியாது.

ஒரு நாள் அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஹெய்க்கா மாமா, நீங்க வர்ற தடம் என் சோதனை நிலத்து மேலயே போகுது."

"அங்க அடையாளக் குச்சி ஒண்ணுகூடத் தெரியலையேம்மா."

"பனி மூடிருச்சு. பனி மெத்துன்னு கிடக்கிற இடத்துல போர்வை போத்துன மாதிரி இருக்கு, மண்ணு உறையவே இல்ல. நீங்க மிதிச்ச இடத்துல குளிர் நேரா உள்ள இறங்கி, மண்ணு கல்லாயிருச்சு. அங்க பாக்டீரியா செத்துக்கிட்டிருக்கு."

வராதீர்கள் என்று சொல்லப் போகிறாள். சுற்றிப் போகிற வழி என் முழங்காலுக்கு ஆகாது.

"சரிம்மா, இனிமே வரல." நானே முந்திக்கொண்டேன். மானமாவது மிஞ்சட்டும்.

"யாரு வரவேணாம்னு சொன்னா? இதையும் நான் பார்க்கணும். தினமும் இதே தடத்துல வாங்க. பாதியில விட்டீங்கன்னாதான் எல்லாம் கெட்டுப்போகும்."

திரும்பும்போது பாடிக்கொண்டே வந்தேன். என் குரலுக்கு மான்களே ஓடும்.

கிறிஸ்துமஸுக்கு முன் பல்கலைக்கழகம் அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவள் மண்ணில் புதைத்து வைத்த கருவிகள் தாமாகவே வேலை செய்யுமாம்.

"தடத்த மட்டும் விட்டுராதீங்க மாமா."

விடவில்லை. தினமும் போனேன். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு கோப்பை காப்பி குடிக்கிற நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். புறம் பேச எவ்வளவோ சேர்ந்துவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

வெளிச்சம் திரும்பியபின் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் பனிவண்டியில் வந்து மண்ணைத் துளைத்து எடுத்துப்போனார்கள். காப்பிக்குக்கூட நிற்கவில்லை. கொஞ்ச நாளில் ரீக்கா போன் செய்தாள்.

"மாமா, உங்க தடத்துக்குக் கீழ பாதிக்கு மேல செத்துப்போச்சு. பக்கத்துல எல்லாம் நல்லாருக்கு. நினைச்சதவிட நல்ல முடிவு. இனிமே நீங்க சிரமப்பட வேணாம்."

"நீ எப்பம்மா வர்ற?"

"அங்க வேலை முடிஞ்சுதே மாமா."

"அதுவும் சரிதான்."

போனை வைத்ததும் அழுகை வந்தது. செத்துப்போன பாக்டீரியாவுக்காக இல்லை.

மறுநாள் காலையில் சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு அதே தடத்தில் கிளம்பினேன். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, "இருக்கியாம்மா?" என்று கேட்டேன்.