அளவு எடுக்க வேண்டாம்

"ஒயர் சுத்துற பொண்ணு. நம்ம வீட்டுப் பொண்ணுதான், கூடமாட ஒத்தாசைக்கு வரும்."

இதைச் சொன்னவர் என் அக்காவின் கணவர். மேடையோரத் திரைக்குப் பின்னால் எப்போதும் உட்கார்ந்திருக்கும் பெண் யார் என்று ஒரு நிருபர் கேட்டார். மாமா கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி இந்தப் பதிலைச் சொன்னார். அந்தப் பேட்டியை நாற்பது தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். புண்ணைச் சொறிவதில் ஒரு சுகம் இருக்கிறது.

மாமாவுக்கு விரல் உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவரைப் போல விரல் உள்ளவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்தது அந்த விம்மலுக்காக. கடைசிப் பாட்டில் கிட்டாரின் ஒற்றைச் சுரம் ஒன்றுமில்லாமையிலிருந்து எழும்பி, தொண்டை அடைத்து, உடைந்து, எக்கோவில் கரையும். கேட்டவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். "கிட்டாரே அழுவுதுய்யா" என்பார்கள்.

அழுதது என் கால்கள். அவர் முன்னால் தந்தியை மீட்டுவார். நான் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வெறுங்காலால் பெடல்களை மிதிப்பேன். இடது பாதத்தின் கீழ் சத்தத்தை ஏற்றும் எக்ஸ்பிரஷன் பெடல். வலது பாதத்தின் கீழ் எக்கோவை நீட்டும் இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்று வேகமாக, மற்றது மெதுவாகப் போக வேண்டும். உச்சியில் இடது பெருவிரல் மட்டும் நழுவி, நடுவில் சத்தங்களை மாற்றும் கன்ட்ரோலரின் மூன்றாவது ஸ்விட்சைத் தொட வேண்டும். அங்கேதான் சுரம் உடையும். அந்தப் பெருவிரலுக்கு இரண்டு வருடப் பயிற்சி. மொத்தம் எட்டு வருடம் அப்படி உட்கார்ந்தேன். இந்தக் காலத்தில் பல வாத்தியக்காரர்களுக்கு இப்படி ஒரு ஆள் உண்டு. தப்பில்லை. "ஒயர் சுத்துற பொண்ணு" என்றதுதான் தப்பு.

பேட்டி வந்த மறுவாரம், திரை விலகியிருந்த நேரத்தில் யாரோ எடுத்த படம் ஒன்று வெளியே வந்தது. அதில் என் முகம் இல்லை, பெடல்மேல் இரண்டு வெறுங்கால்கள் மட்டும். விம்முவது யார் என்று ஊரெல்லாம் கேட்டது. மாமா என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீ வர வேணாம்மா. வந்தா வீண் பேச்சு" என்றார். அப்புறம் அறிவித்தார்: அடுத்த நிகழ்ச்சியில் பெடல்கள் மேடையின் முன்னால் இருக்கும், கால்மேல் கேமரா இருக்கும், பெரிய திரையில் எல்லோரும் பார்க்கலாம்.

சொல்லிவிட்டாரே தவிர, மிதிக்கப் பெடல் வேண்டுமே. பழையவை என்னுடையவை, என்னோடு வந்துவிட்டன. எந்தப் பெடல் எதற்கு முன்னால், எது எவ்வளவு என்பது என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. நாலு மாதம் கழித்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு என் பட்டறைப் படியேறி வந்தார்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. கிட்டார்காரர்களுக்குப் பெடல்போர்டு செய்துகொடுப்பதுதான் இப்போது என் பிழைப்பு. அலுமினியச் சட்டம் அறுத்து, பெடல்களை வரிசைப்படுத்தி, ஒயரை அளவாக வெட்டி ஈயம் வைத்து, கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொடுத்து, பெட்டியில் போட்டுத் தருவேன்.

"எனக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கணும்மா. குடும்பத்துக்குள்ள கோவதாபம் எதுக்கு?" என்றார் மாமா.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உக்காருங்க மாமா" என்றேன்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தைத் தொடுவதற்கு முன்னால் தரையில் ஒரு பெரிய பழுப்புத் தாளை விரிப்பேன். வாடிக்கையாளர் மேடையில் போடும் செருப்போடு அதன்மேல் நிற்க வேண்டும். பாதத்தைச் சுற்றிக் கோடு இழுப்பேன். எந்தக் கால் எதை மிதிக்கும் என்பதை அவர்களே தங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று வந்து நிற்பார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தாளைப் போர்டின் அடித்தகட்டில் ஒட்டிவிடுவேன். நாளைக்கு வேறு ஊரில் எவராவது திறந்து ரிப்பேர் பார்த்தால் இது யாருடைய கால் என்று தெரிய வேண்டுமல்லவா?

தாளை விரித்தேன். "ஏறி நில்லுங்க மாமா."

"எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்? நீ வச்சிருந்த மாதிரியே வச்சிரு."

"நான் உக்காந்து மிதிச்சேன் மாமா. நீங்க நிக்கப் போறீங்க."

"எட்டு வருஷமா பாக்கறேன். மிதிக்கறதுல என்ன பெரிய வித்தை? காலு எல்லாருக்கும் ரெண்டுதானே." அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப அதையே எழுதிக் குடுங்க" என்று தடித்த மார்க்கரை நீட்டினேன்.

குனிந்து எழுதினார்: எட்டு வருஷமா இவ மிதிச்ச மாதிரியே இருக்கட்டும். அளவு எடுக்க வேண்டாம். கீழே, ரசிகர்களுக்குப் போட்டுத் தரும் சுழித்த கையெழுத்து. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையாலும் கெட்டார்.

அவர் போனதும் தாள்முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் பாதங்களைச் சுற்றி நானே கோடு இழுத்தேன்.

மூன்று வாரம் வேலை செய்தேன். கெடுக்க நினைத்திருந்தால் எனக்கு அரை நிமிடம் போதும். எக்ஸ்பிரஷன் பெடலின் ஒயரில் இரண்டு இணைப்பை இடம் மாற்றி ஈயம் வைத்தால் சத்தம் ஏற வேண்டிய இடத்தில் இறங்கும். ஒருநாள் மத்தியானம் ஈயக்கோலைக் கையில் பிடித்தபடி அதையே யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகு வைத்துவிட்டேன். பழுதுள்ள போர்டு கொடுத்தால் நான் ஒயர்கூட ஒழுங்காகச் சுற்றத் தெரியாதவள் ஆகிவிடுவேன். அவருக்கு அந்தச் சாக்குக்கூடக் கிடைக்கக் கூடாது.

அதனால் என் வாழ்நாளில் செய்ததிலேயே சுத்தமான போர்டு அது. ஒரு இரைச்சல் இல்லை. என் பாதத்தின் எடைக்கு ஏற்றபடி இரண்டு பெடல்களின் திருகையும் தளர்த்தி வைத்தேன். என் பெருவிரல் எட்டும் தூரத்தில் மூன்றாவது ஸ்விட்ச். இரண்டு பெடலுக்கும் நடுவில் என் இடுப்பகலம். கடைசியாகத் தாளை ஒட்டினேன். வழக்கமாக இரண்டு மூலையில் பசை தடவுவேன். அன்றைக்கு நாலு ஓரமும் தடவி, மேலே வார்னிஷும் அடித்தேன். பழி மனதில் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

எடுத்துப் போக இருவரும் வந்தபோது நான் உட்கார்ந்து மிதித்தேன், அவர் மீட்டினார். விம்மல் அறையை நிறைத்தது. கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது.

"பிரமாதம்" என்றார் மாமா.

"ஒருதடவை நின்னு மிதிச்சுப் பாருங்க மாமா."

"மேடையில பாத்துக்கறேன்."

ஒருதடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. அவர் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா செருப்பைக் கழற்றி, இடது பெடல்மேல் தன் பாதத்தை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. சட்டென்று காலை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நிகழ்ச்சி. நானும் டிக்கெட் வாங்கிப் போனேன். அக்கா மூன்றாம் வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். முன்வரிசையில் அதே நிருபர். மேடை நடுவில் என் போர்டு; அதன் படம் பெரிய திரையில் ஒரு வீட்டுச் சுவரளவுக்குத் தெரிந்தது.

முதல் ஏழு பாட்டு சாதாரண சத்தம்தான். ஒரு ஸ்விட்சை மிதித்தால் போதும், நன்றாகவே வாசித்தார். கடைசிப் பாட்டு வந்தது. திரையில் அவருடைய கனத்த பூட்ஸ் தெரிந்தது.

இடது காலைப் பெடலில் வைத்தார். தளர்ந்த திருகு, கனத்த பூட்ஸ்: பெடல் மடாரென்று இறங்கியது, சுரம் அலறியது. பதறி வலது காலைத் தூக்கினார். நிற்கிற மனிதனால் இரண்டு காலையும் தூக்க முடியுமா? உடம்பு ஆடியது. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது ஸ்விட்சை மிதிக்கப் போய் இரண்டையும் மூன்றையும் நான்கையும் சேர்த்து மிதித்தார். எக்கோ ஊளையிட்டது. மறுபடி தொடங்கினார். மறுபடி ஊளை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லச் சொன்னாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்டி. ஒரே செருப்பை மாத்தி மாத்திப் போட்டு வளந்தவங்க நாம. அது யாரு காலுன்னு எனக்குத் தெரியாதா?"

"மாமாகிட்ட சொல்லலையே?"

"என்கிட்ட யாரு எதைக் கேட்டாங்க இதுவரைக்கும்?"

மேடையில் மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கில் பேசினார். "மன்னிக்கணும். ஒயர்ல கோளாறு. வேலை செஞ்சவங்க ஒழுங்கா மாட்டல. இதோ, நீங்களே பாருங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் குனிந்து, போர்டை இரண்டு கையாலும் தூக்கி, அடிப்பக்கம் கேமராவுக்குத் தெரியும்படி நிமிர்த்திப் பிடித்தார்.

திரையில் பழுப்புத் தாள் விரிந்தது. இரண்டு சின்னப் பாதங்கள். அவற்றின் மேலே, ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆள் உயரத்துக்கு: எட்டு வருஷமா இவ மிதிச்ச மாதிரியே இருக்கட்டும். அளவு எடுக்க வேண்டாம். கீழே, அந்த மண்டபத்தில் பாதிப் பேர் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கையெழுத்து.

அவருக்கு மட்டும்தான் அது தெரியவில்லை, போர்டுக்குப் பின்னால் நின்றிருந்தார். கூட்டம் ஏன் வாயடைத்துப்போனது என்று தலையை எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பித் திரையைப் பார்த்தார். நிருபர் எழுந்து, வரிசை வரிசையாகத் தேடி, என்மேல் பார்வையை நிறுத்தினார். மெல்ல எல்லாத் தலைகளும் திரும்பின.

எனக்குப் பாவமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை.

"வாம்மா... வந்து உக்காரு" என்றார் மாமா. மைக் போட்டபடியே இருந்தது. "இந்த ஒரு பாட்டு மட்டும்."

அக்கா முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். நான் மேடை ஏறினேன். யாரோ ஓடிவந்து ஸ்டூல் போட்டார்கள். மண்டபமே கைதட்டியது. என் பெருவிரல் செருப்புக்குள் தானாக நெளிந்தது, அந்த மூன்றாவது ஸ்விட்சுக்காக. அதை ஊன்றி அடக்கினேன்.

ஸ்டூலைத் தாண்டிப் போய், ஆம்ப்ளிஃபயரிலிருந்து நீண்ட ஒயரைப் பிடுங்கிச் சுற்றத் தொடங்கினேன். முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகப் போட்டுச் சுற்றக் கூடாது, ஒயர் முறுக்கிக்கொள்ளும். வட்டம் வட்டமாக, ஒன்று நேராக, ஒன்று திருப்பிப் போட வேண்டும். பெரிய திரையில் இப்போது என் கைகள்.

"என்னம்மா பண்றே?" என்றார்.

"ஷோ முடிஞ்சுதே மாமா" என்றேன், மைக்குக்குக் கேட்கும்படி. "ஒயர் சுத்த வந்தேன்."