பின்தளத்து ரெயிலிங்

கப்பல் மாடல் செய்கிறவர்களிடம் போய் ‘என்ன கப்பல் செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் நீங்கள் வெளியாள் என்பது உடனே தெரிந்துவிடும். அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ‘எந்தத் தேதிக் கப்பல்?’ என்றுதான். போர்க்கப்பல் கட்டி முடித்தபடியே காலமெல்லாம் இருக்கிற சாமான் இல்லை. இந்த வருடம் ரேடார் மாறும், அடுத்த வருடம் ஒரு பீரங்கியைக் கழற்றிவிடுவார்கள், நடுவில் வந்த கேப்டனுக்குப் பிடிக்கவில்லை என்று படகுகள் இடம் மாறும். ஆகவே ஒரு தேதியை முடிவு செய்துகொண்டு, அன்று கப்பல் எப்படி இருந்ததோ அப்படியே செய்ய வேண்டும். தேதி தப்பினால் மொத்த உழைப்பும் அம்பேல்.

பல்செட்டுக்கு இந்தப் பைத்தியம் பிடித்து வெகுகாலமாகிறது. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவருடைய பிழைப்பு, அதனால் அந்தப் பெயர். நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதே சந்தேகம். பகலில் கடைவாய்ப் பல்லுக்கு மேடு பள்ளம் செதுக்குகிற அதே கருவிகளால் சாயங்காலம் கப்பலுக்கு ஜன்னல் துளைப்பார். கடையில் வாங்கிய கிட்டை, அதாவது பெட்டியில் வரும் உதிரிபாகங்களை, வந்தபடியே ஒட்டி வைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். கிட்டில் வரும் பிளாஸ்டிக் பீரங்கியின் வாய் அடைத்துக்கொண்டிருக்கும். அதை வெட்டியெறிந்துவிட்டுக் கடைந்தெடுத்த பித்தளைக் குழல் வைப்பார். தளத்தோடு ஒட்டி வரும் நங்கூரச் சங்கிலியைச் செதுக்கி எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற நிஜச் சங்கிலி போடுவார். ஏணியும் ரெயிலிங்கும் மெல்லிய பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுத்தவை, பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். அப்படி ஒன்று பறந்துவிட்டால் அது கிடைக்கும் வரை வீட்டில் ஒருவரும் அடியெடுத்து வைக்கக் கூடாது. அவர் மனைவி துடைப்பமும் கையுமாக நிலைப்படியிலேயே நின்ற நாட்கள் உண்டு.

எத்தனையோ கப்பல் செய்த மனிதர், சொந்த அண்ணன் வேலை பார்த்த கப்பலை மட்டும் தொடவே இல்லை.

அண்ணன் கப்பற்படையில் எலக்ட்ரீஷியன். கடல் கொந்தளித்த ஒரு பிற்பகல், பின்தளத்தின் இடது ஓரத்திலிருந்து தண்ணீரில் விழுந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். ரெயிலிங் உறுதியாக இருந்தது, ஆள் குடித்திருந்தான், தாண்டி விழுந்தான் என்று முடித்துக் கேப்டன் கையெழுத்துப் போட்டார். செத்தவன் வந்து வாயை ஊதிக் காட்டவா போகிறான்.

அண்ணன் ஒரு காலத்தில் குடித்தவர்தான், மறைப்பதற்கில்லை. கடைசியாக லீவில் வந்தபோது, இனிமேல் தொடமாட்டேன் என்று அண்ணியிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனார். அவளும் நம்பி அனுப்பினாள். அதனால் அவளுக்குத் துக்கம் இரண்டாகிவிட்டது. புருஷன் போனது ஒன்று, சொன்ன சொல்லைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனது இன்னொன்று. முதலாவதை அழுது தீர்த்தாள். இரண்டாவது அழுது தீருகிற ரகம் இல்லை. யாராவது அவர் பேச்சை எடுத்தால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அந்தக் கப்பலின் சமையல்காரரை எல்லோரும் கரண்டி என்பார்கள். துக்கம் விசாரிக்க வந்த கரண்டி, பல்செட்டை மாடிப்படிக்குக் கீழே தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னார்.

“அன்னிக்கு அந்த இடத்துல ரெயிலிங்கே கெடையாதுப்பா. துருப்பிடிச்சுப் போச்சுன்னு அறுத்து எடுத்துட்டாங்க. புதுசு வைக்கிற வரைக்கும்னு ஒரு கயித்தக் கட்டி விட்டிருந்தாங்க. உங்கண்ணன் குடிக்கல. எங்கிட்ட டீ வாங்கிக் குடிச்சிட்டுத்தான் மேல போனாரு.”

இதை விசாரணையில் சொல்வதற்கென்ன என்று கேட்டதற்கு, கேப்டன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார். பல்செட் ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னார். அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள்.

“நீ கூடப் பொறந்தவன், தம்பி. நீ அப்படித்தான் சொல்லுவே. அந்தக் கப்பல்ல இருந்தவங்க ஒருத்தர் எம் முன்னாடி வந்து சொல்லட்டும், நம்பறேன்.”

அவள் கேட்டது அந்த ஒரு வாக்கியம். அதற்காகப் பல்செட் கரண்டி வீட்டுக்கு நடையாய் நடந்தார். வேலையில் இருந்தவரை, வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறாயா என்று கேட்டார் கரண்டி. ஓய்வு பெற்ற பிறகு, முடிந்துபோனதைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்றார். அண்ணிக்கு முடி வெளுத்துப் போயிற்று, வாக்கியம் வந்தபாடில்லை.

இப்படியிருக்கையில் அந்தக் கப்பலின் பழைய ஆட்கள் சங்கத்துச் செயலாளர் பல் கட்டும் விஷயமாகப் பட்டறைக்கு வந்தார். அண்ணன் காலத்துக்கு வெகு பின்னால் கப்பலில் சேர்ந்தவர். இவர் யாருடைய தம்பி என்பது அவருக்குத் தெரியாது. அலமாரியில் இருந்த கப்பல்களைப் பார்த்து வாயைப் பிளந்தவர், எங்கள் ஹாலுக்கு எங்கள் கப்பலைச் செய்து தர முடியுமா, பழைய கேப்டனே வந்து திறந்து வைப்பார் என்றார். எந்தக் கேப்டன் என்று பல்செட் கேட்டுத் தெரிந்துகொண்டார், விசாரணையில் கையெழுத்துப் போட்ட அதே ஆள்தான். செய்கிறேன், தேதியை மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள் என்றார். தேதி என்றால் என்னவென்று புரியாமலே செயலாளர் தலையாட்டினார்.

பல்செட் எடுத்துக்கொண்ட தேதி எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே வகையைச் சேர்ந்த வேறொரு கப்பலின் கிட்தான் சந்தையில் கிடைத்தது. புகைபோக்கியின் தலையை அறுத்து மாற்றினார். கொடிமரத்தையும் ரேடாரையும் பித்தளைக் கம்பியில் முதலிலிருந்து கட்டினார். அந்த வருடத்துப் போட்டோக்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, எந்தக் கதவுக்குக் கீழே துரு வழிந்திருந்ததோ அங்கே துரு வழியவிட்டார். டாக்டர்கள் பல் கேட்டுப் போனில் கத்தினார்கள். பொக்கை வாயோடு நாலு பேர் நாலு நாள் இருந்தால் உலகம் அழிந்துவிடாது என்று விட்டுவிட்டார்.

ரெயிலிங்கைக் கடைசியில் வைத்தார். கண்ணாடித் தட்டில் நறுக்கி, ஊசி முனையில் பசை தொட்டு, ட்வீசரால் முன்னாலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தார். இடது பக்கம் பின்தளத்துக்கு வந்ததும் நிறுத்தினார். ஒரு விரல் நகத்தின் அகலத்துக்கு வெறுமையாக விட்டார். அறுத்த கம்பிகளின் அடிக்கட்டைகளை மட்டும் வரிசையாக நிறுத்தினார். அந்த இடைவெளியின் குறுக்கே ஒரு நூலைக் கட்டி, தொய்வாகத் தொங்கவிட்டார்.   இவ்வளவு அகலத்தில் போயிருக்கிறது ஒரு உயிர் என்று நினைத்தபோது அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அவருடைய கணக்கு சுலபமானது. அண்ணன் காலத்தில் கப்பலில் இருந்தவர்கள் சுற்றி நிற்பார்கள். அண்ணியும் நிற்பாள். அடிப்பலகையில் தேதி இருக்கிறது. இத்தனை பேரில் யாராவது ஒருத்தன், ‘அட, ஆமாம், அப்போது இங்கே கயிறுதான் கட்டியிருந்தது’ என்று வாய்தவறியாவது சொல்லிவிட மாட்டானா.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே செயலாளர் காரில் வந்து மாடலை எடுத்துப் போனார். விழா அன்று காலையில் பல்செட் அண்ணியை அவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்தார். வழியெல்லாம், இடது பக்கம், பின்தளம், அங்கே பாருங்கள், பார்த்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேளுங்கள் என்று பாடம் நடத்தினார். அண்ணி மடியிலிருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

ஹாலில் மேஜை மேல் கப்பல் இருந்தது. போட்டோ எடுப்பதற்காகக் கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். பல்செட் கிட்டே போனார். இடைவெளியைக் காணோம். அடிக்கட்டைகளைச் சீவிவிட்டு, நூலை எடுத்துவிட்டு, ஒழுங்காக ரெயிலிங் ஒட்டப்பட்டிருந்தது. நிறம்கூடப் பிசகவில்லை.

செயலாளர் பூரிப்போடு விவரம் சொன்னார். வண்டியில் வரும்போது ஒரு துண்டு விழுந்துவிட்டது போலிருக்கிறது, நூல் வேறு பிரிந்து தொங்கியது, நல்லவேளையாக அடிப்பலகைக்குக் கீழே நீங்களே ஒரு துண்டு உபரியாக ஒட்டி வைத்திருந்தீர்கள், நம் கரண்டிக்கு நல்ல கை, மெனக்கெட்டு உட்கார்ந்து சரி செய்துவிட்டார் என்றார். உபரி வைத்தது பழக்க தோஷம். எந்த மாடலைக் கொடுத்தாலும் மிஞ்சிய ரெயிலிங்கில் ஒரு துண்டுக்குப் பெயிண்ட் அடித்து, பின்னால் உடைந்தால் உதவுமே என்று அடியில் ஒட்டிக் கொடுப்பார். தன் ஒழுங்கே தன் தலையில் கல்லைப் போடும் என்று அவர் எங்கே கண்டார்.

கரண்டி ஜன்னலோரம் நின்றிருந்தார். பல்செட் அவரிடம் போய், விழுந்த துண்டு இல்லை என்று உமக்குத் தெரியாதா என்று கேட்டார்.

“தெரியும்,” என்றார் கரண்டி. “கேப்டன் வர்றாரு. அவருக்கும் வயசாச்சு. நல்ல நாளும் அதுவுமா எதுக்குப்பா வம்பு?”

கேப்டன் வந்தார். பீரங்கிகளைப் பாராட்டினார், சங்கிலியைப் பாராட்டினார். அடிப்பலகையைப் படித்துவிட்டு, இந்தத் தேதியில் என்ன விசேஷம் என்று செயலாளரைக் கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார். முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம்கூட இல்லை. நடிக்கிறார் என்றால்கூடப் பல்செட் தாங்கியிருப்பார். ஒரு ஆளைக் குடிகாரன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நாள் இந்த மனிதருக்கு ஞாபகமே இல்லை.

அண்ணி இதற்குள் மேஜையின் இடது பக்கம் வந்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். தொடாமல், விரலை ரெயிலிங்கின் கூடவே நகர்த்திக் கடைசி வரைக்கும் கொண்டுபோனாள்.

“இருக்கே, தம்பி,” என்றாள்.

குரலில் கோபம் இல்லை. எதிர்பார்த்துத்தான் வந்தேன் என்பது போல இருந்தது. பல்செட் கரண்டியைப் பார்த்தார். கரண்டி தரையைப் பார்த்தார். பல்செட்டுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்த ட்வீசரை எடுத்து அந்த ரெயிலிங்கைக் கவ்வி இழுத்தார். ஒட்டிய துண்டோடு பக்கத்தில் இருந்த நல்ல ரெயிலிங்கும் சுருண்டு கையோடு வந்துவிட்டது. யாரோ ஐயோ என்றார்கள்.

“இங்க ஒண்ணும் இல்ல,” என்றார் பல்செட், எல்லோரையும் பார்த்து. “அன்னிக்கு இங்க ரெயிலிங் இல்ல. வெறும் கயிறு. இங்க நிக்கற ஆளுங்களுக்கே தெரியும்.”

பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் காப்பி மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அண்ணிதான் பேசினாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“நீயே பிச்சுப் போட்டுட்டு, இல்லேன்னா எப்படி நம்பறது, தம்பி?”

 வருடக்கணக்காக அலைந்து பல்செட் உண்டாக்கிய ஒரே சாட்சியை அவர் கையே பிய்த்துப் போட்டுவிட்டது. இனி இந்தக் கப்பல் எதையும் சொல்லாது, சொன்னாலும் எடுபடாது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த கேப்டன் செயலாளர் பக்கம் சாய்ந்தார். ரகசியமாகக் கேட்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. காது மந்தமானவர்களுக்கு ரகசியம் பேச வராது.

“யாருப்பா இது? குடிச்சிருக்கானா?”

 கேப்டன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “குடிச்சிருக்கான். வெளிய கூட்டிட்டுப் போங்க,” என்று அவரே முடித்துவிட்டு, அடுத்த நாற்காலியில் இருந்தவரிடம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அண்ணி நிமிர்ந்தாள். காலையிலிருந்து இந்தக் கொழுந்தன் அவள் கூடவே இருக்கிறான். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும். அவள் கேப்டனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அதைக் கவனிக்கவில்லை, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“இப்படித்தான் எழுதினாங்களா?” என்று கேட்டாள். “உங்கண்ணனையும்?”

பல்செட் தலையசைத்தார். ரெண்டு பேர் அவரை வெளியே கொண்டுபோக வந்து நின்றார்கள், அவர்களில் ஒருவர் கரண்டி. அண்ணி கரண்டியின் கையைத் தட்டிவிட்டு, பல்செட்டின் முழங்கையைத் தானே பிடித்துக்கொண்டாள். வாசலைத் தாண்டிப் படியில் இறங்கும்போது அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இத்தனை வருஷமும் தெனம் உங்கண்ணனத் திட்டிக்கிட்டே இருந்தேன், தம்பி,” என்றாள். “தெனம்.”