கூடத்தில் ஒரு வாய்க்கால்

தேநீர் வந்ததும் விவசாயிகள் எழுந்து போய்விடுவார்கள். நன்னிலத்துக்கு அருகே இந்தச் சமுதாயக் கூடத்தில் குந்தவை நடத்திய இரண்டு பயிற்சிகளிலும் அதுதான் நடந்தது. மூன்றாவதிலும் நடந்தால் அவளை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு மாற்றிவிடுவதாக ஒருங்கிணைப்பாளர் சூர்யபிரகாஷ் சொல்லியிருந்தார். இன்று அவரே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தன் குறை குந்தவைக்குத் தெரியும். கேள்வி கேட்பாள், யாரும் பேசாவிட்டால் பயந்துபோய்ப் பதிலையும் தானே சொல்லிவிடுவாள்.

முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது பற்றிய பயிற்சி அது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாய்க்கால் பாசனக்காரர்கள். அவள் புரொஜெக்டரைத் தொடவில்லை. மேடையிலிருந்து வாசல்வரை தரையில் ஒரு கயிற்றை நீட்டினாள். இதுதான் வாய்க்கால், மேடைப் பக்கம் மதகு, அவரவர் வயல் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள் என்றாள்.

வேடிக்கையாகப் பேசிக்கொண்டே நின்றார்கள். மதகடியில் ரெங்கசாமி. ஊரில் பாதிப் பேர் அவர் எழுந்தால் எழுவார்கள். கடைமடைக்காரர் மருதையன் வாசல் நிலையையும் தாண்டிப் போய் வெயிலில் நின்றார்.

உள்ளே வரச்சொன்னதற்கு, "என் வயல் அங்க வரலீங்களே," என்றார். "டீயாவது இங்க வந்து சேருமா?"

எல்லாரும் சிரித்தார்கள், ரெங்கசாமியைத் தவிர. "ராத்திரியோட ராத்திரியா மடையை வெட்டுறவனுக்கு டீ வேறயா?"

சிரிப்பு நின்றது.

"கதிர் பால் கட்டுற நேரத்துல தரை வெடிச்சுக் கெடக்கு," என்றார் மருதையன். "வெட்டாம என்ன பண்றது?"

பின்னாலிருந்து சூர்யபிரகாஷ் திரையைக் காட்டிச் சைகை செய்தார். ஸ்லைடுக்குப் போ என்று அர்த்தம். சமாதானமாக நாலு வார்த்தை குந்தவையின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. மேலே மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.

பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் இடம் மாத்தி நில்லுங்க ஐயா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஊர்ப் பெரிய மனிதரை வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறாள். ரெங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அவரோடு போக நாலைந்து பேர் திரும்பினார்கள். அவர் நிலையைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டார். போகவில்லை. மருதையன் நின்ற இடத்தில் நின்றார்.

மருதையன் தயங்கித் தயங்கி மதகடிக்கு வந்தார். குந்தவை மேடைப் பக்கம் நின்றபடியே ரெங்கசாமியிடம் ஏதோ கேட்டாள்.

"இங்க ஒண்ணும் கேக்கலம்மா," என்றார் அவர்.

"எனக்கு மூணு தடவையா கேக்கல," என்றார் மருதையன். கடைசி வரிசையில்தான் அவர் எப்போதும் உட்காருவார்.

அது தனக்கும் சேர்த்துச் சொன்னது என்று குந்தவைக்குப் புரிந்தது. அவள் கயிற்றோரமாக நடந்து வாசலுக்குப் போய், அங்கே நின்று மறுபடி கேட்டாள்: "இங்க தண்ணி வரணும்னா மதகுல என்ன மாறணும்?"

பதிலைத் தானே சொல்லிவிடாமல் காத்திருந்தாள். நடுமடையில் நின்ற கமலாம்பாள்தான் முதலில் பேசினார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில். வாளி நிறையத் தேநீர் வந்தது. யாரும் எழவில்லை, யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை. கடைசியிலிருந்து கொடுத்துவரச் சொன்னாள் குந்தவை. முதல் டம்ளரை ரெங்கசாமி வெயிலில் நின்றபடி வாங்கினார். சண்டை ஓயவில்லை.

சூர்யபிரகாஷ் அருகில் வந்து, ஒரு ஸ்லைடுகூடப் போடவில்லையே என்றார். அவள் தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள்.

"புதன்கிழமை முத்துப்பேட்டையில அடுத்த பயிற்சி," என்றார் அவர். "கயிறு இன்னும் நீளமா வேணும்."