வியாழக்கிழமை பஸ்

நெதர் டிப்ளி என்ற ஆங்கிலக் கிராமத்தில் எதுவும் சாவதில்லை, வீடாகிவிடும். கடை மூடியதும் லண்டன்காரர் ஒருவர் அந்தக் கட்டடத்தை வாங்கி, சன்னலில் பூந்தொட்டி வைத்து, வாசலில் 'பழைய கடை' என்று எழுதினார். பிறகு வரிசையாகப் பழைய பள்ளிக்கூடம், பழைய தபாலாபீஸ், பழைய பேக்கரி. விலாசங்களைப் படித்தால் ஊரில் இல்லாத வசதி இல்லை. ரொட்டி வாங்க மட்டும் ஸ்டோக்கம் டவுனுக்குப் போக வேண்டும்.

முரியல் டாப்ஸ்காட்டுக்கு மிஞ்சியிருந்த வசதி வியாழக்கிழமை பஸ் ஒன்றுதான். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டிக்கொண்டிருந்த கணவர் வில்ஃப்ரெட் மறதி நோய் முற்றி ஸ்டோக்கம் முதியோர் இல்லத்தில் இருந்தார். அவளைத் தவிர வேறு முகம் எதுவும் அவருக்கு நினைவில்லை. வாரம் ஒருநாள் அந்த பஸ்ஸில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நகம் வெட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வருவாள். அந்த ஒருநாளை நம்பித்தான் மற்ற நாட்களை ஓட்டினாள்.

அந்த பஸ்ஸை நிறுத்துவது பற்றி ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க மாவட்ட அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், பேச வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஊர் மண்டபத்துக்குப் போனாள்.

கூட்டத்தில் பஸ் பேச்சு கடைசியில்தான் வந்தது. முதலில் வரலாறு. போரில் தோற்று ஓடிய ராஜா ஒருவர் எப்போதோ இந்த ஊர் வழியாகப் போனாராம்; அதைக் குளக்கரையில் பலகை வைத்து உலகுக்கு அறிவிக்க வேண்டும். 'ராஜா இங்கே தங்கினார்' என்று எழுதச் சொன்னார் ஜெரமி. அவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர், வரலாற்றுச் சங்கத் தலைவர். தங்கவெல்லாம் இல்லை, குதிரை தண்ணீர் குடித்தது, அவ்வளவுதான் என்றது எதிர்த்தரப்பு. தங்கினாரா நின்றாரா என்று டீ ஆறும்வரை வாதாடினார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒருவரை அறுத்துப்போடுவதென்றாலும் இங்கே "மன்னிக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். முடிவில் 'ராஜா இங்கே சற்று இளைப்பாறினார்' என்று ஒத்துப்போய்க் கைதட்டிக்கொண்டார்கள். தண்ணீர் குடித்த குதிரையை அம்போவென்று விட்டுவிட்டார்கள்.

பிறகு அதிகாரி எழுந்து, "பஸ்ஸ நிறுத்தினா இங்க யாருக்காவது சிரமமா இருக்குமா?" என்று கேட்டார்.

ஊராட்சித் தலைவி ரோசலிண்ட் குவென்னல், பஸ் நம் ஊரின் பாரம்பரியம் என்று உருக்கமாகப் பேசினாள். அதில் அவள் ஒருநாளும் ஏறியதில்லை. பேசி முடித்துத் திரும்பி, "முரியல், நீங்க அதுல போவீங்கல்ல?" என்றாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தது ஒன்று, முரியல் எழுந்து சொன்னது வேறு. நாலு பேர் முன்னால் 'எனக்கு வேண்டும்' என்று கேட்பதும் பிச்சையெடுப்பதும் ஒன்று என்று சொல்லி வளர்க்கப்பட்டவள்.

"போவேன்தான். ஆனா என் ஒருத்திக்காக யாரும் சிரமப்பட வேணாம். நான் சமாளிச்சுக்குவேன்."

நெதர் டிப்ளி பாஷையில் இதற்கு, பஸ் போனால் நான் செத்தேன் என்று அர்த்தம். கேட்டவர்கள் உடனே "அதெப்படி, முடியவே முடியாது" என்று பிடிவாதம் பிடிக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டாவது கப் டீ கொடுப்பதுகூட இங்கே அந்த முறைப்படிதான். அதிகாரி வெளியூர்க்காரர், சொன்னதைச் சொன்னபடி நம்பினார். பாஷை தெரிந்தவர்கள் வீட்டுக்குக் கிளம்பக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் நின்றது. அதன் பின் முரியலைப் பார்த்தவர்களெல்லாம், எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், காரில் கூட்டிப் போகிறோம் என்றார்கள். எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை. சில வாரம் டாக்ஸியில் போனாள்; பென்ஷன் தாங்கவில்லை. வில்ஃப்ரெட் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நர்ஸ் போனில் சொன்னாள். பிறகு ஒருநாள், இப்போதெல்லாம் பார்ப்பதில்லை என்றாள்.

அன்றைக்குக் கேட்டே விடுவதென்று முரியல் ரோசலிண்டின் வீட்டுக்குப் போனாள். மழையைப் பற்றிப் பேசினாள், ரோஜாச் செடிகளைப் பாராட்டினாள், ஸ்டோக்கம் பக்கம் போவதுண்டா என்று மெல்ல இழுத்தாள். போவதே இல்லை, எல்லாச் சாமானும் வீட்டுக்கே வந்துவிடுகிறது என்றாள் ரோசலிண்ட். ரொம்ப நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு முரியல் வீடு திரும்பினாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

குளக்கரையில் பலகை வைத்த வாரத்தில் வில்ஃப்ரெட் இறந்துபோனார். முதியோர் இல்லத்துக்குப் பக்கத்து எரியூட்டு மண்டபத்தில் சடங்கு. சாவென்றால் நெதர் டிப்ளியை மிஞ்ச முடியாது. ஊரில் இருந்த அத்தனை காரையும் கழுவித் துடைத்துக் கிளம்பினார்கள். எங்கள் காரில் வாருங்கள், எங்கள் காரில் வாருங்கள் என்று முரியலுக்காகப் போட்டியே நடந்தது. ரோசலிண்ட்தான் ஜெயித்தாள். முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டு, பலகைத் திறப்பு விழாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை, மண்டபத்தின் கேட் வந்துவிட்டது.

"அதுக்குள்ள வந்துட்டோமா? இவ்ளோ பக்கம்னு எனக்குத் தெரியவே தெரியாது, முரியல்."

முரியல் பெல்ட்டைக் கழற்றினாள்.

"பக்கம்தான், ரோசலிண்ட். நடக்கத்தான் முடியல."

ரோசலிண்ட் காரை நிறுத்த இடம் தேடத் தொடங்கினாள்.