மாஹ்ருக் என்று ஒருத்தி

பெண் கேட்டு வருகிறவர்கள் எங்கள் ஊரில் படிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. 'இக்'கா 'குல்'லா என்றுதான் கேட்பார்கள். இக் என்றால் கலப்பில்லாத துர்க்மென். குல் என்றால் எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் பாரசீக எல்லையில் பிடித்துவந்த அடிமைகளின் வம்சம். அடிமைச் சந்தையை எப்போதோ மூடிவிட்டார்கள். கேள்வியை யாரும் மூடவில்லை.

என் ஆய்வே இதைப் பற்றித்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். போய்த் தோண்டியதில், அப்பாவின் கொள்ளுப்பாட்டி மாஹ்ருக்கே அப்படிப் பிடித்துவரப்பட்ட சிறுமி என்று தெரிந்தது. அவளைப் பற்றிய பக்கம் துறை இதழில் அச்சாகப் போகிறது. என்னோடு படிக்கும் தோவ்ரான்தான் முதலில் படித்தான். கண் கலங்கி, "இதை மட்டும் வெட்டிடாத ஜெரென்" என்றான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை அவனுடைய அத்தை அய்னா, பிஷ்மே என்ற எண்ணெய்ப் பணியாரமும் பட்டுத் தலைத்துணியும் கட்டிய மூட்டையோடு வந்தாள். தோவ்ரான் வெளியே காரில் உட்கார்ந்திருந்தான். மூட்டையை நாங்கள் அவிழ்த்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

"நீங்க இக்தானே சம்பந்தி?" தேநீரை ஊதியபடி கேட்டாள் அத்தை.

"ஆமா, ஆமா" என்றார் அப்பா. கழுத்து வியர்த்திருந்தது.

"இல்ல" என்றேன் நான். "மாஹ்ருக்னு ஒருத்தி இருந்தா. பிடிச்சிட்டு வந்தவ."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அத்தை முகத்தைச் சுளிப்பாள், எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டைக்குத் தயாராகவே இருந்தேன். அவளோ சிரித்தாள்.

"தெரியும்டி பொண்ணே. நீ எழுதினத தோவ்ரான் சொன்னான். எங்க வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்? எங்க பாட்டியோட அம்மாவும் அந்த வழிதான். யாராவது வாயத் தொறந்தோமா? பொதைச்சோம், மேல மண்ணப் போட்டோம், இக்னு சொல்லிட்டுத் திரியுறோம். நீ இன்னிக்கு உன் வீட்டத் தோண்டுவ. நாளைக்கு மருமகளா வந்து எங்க வீட்டத் தோண்டுவ. அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துடு. மத்தபடி நீ தங்கமான பொண்ணு."

அப்பாவுக்கு உயிர் வந்தது. "எடுத்துடுவா, எடுத்துடுவா."

"எடுக்க மாட்டேன்."

"ஒரு பக்கந்தானடி!" அம்மா அழாக்குறையாகச் சொன்னாள். "செத்துப்போனவ. அவளுக்கு என்ன தெரியப்போகுது?"

குல் என்று யாராவது முகத்துக்கு நேரே துப்பியிருந்தால் திருப்பித் துப்பியிருப்பேன். இங்கே இரண்டு வீட்டிலும் அதே ரத்தம். எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று சொல்லத்தான் கூடாதாம். இரண்டு வீட்டு வம்சத்திலும் ஒரு குழந்தையைக் குதிரையில் கட்டி இழுத்துவந்திருக்கிறார்கள். அவமானம் இழுத்துவந்தவனுக்கு இல்லை, அவளுக்காம்.

அவிழ்க்காத மூட்டையை எடுத்துக்கொண்டு நானே வெளியே போனேன். தோவ்ரான் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கினான்.

"உங்க அத்தை அந்தப் பக்கத்த எடுக்கச் சொல்றாங்க."

ஸ்டியரிங்கைத் தடவினான். என்னைப் பார்க்கவில்லை.

"கல்யாணம் முடியட்டுமே ஜெரென். அப்புறம் எப்ப வேணா அச்சடிக்கலாம்ல?"

பாதி இறங்கிய கண்ணாடி வழியாக மூட்டை நுழையவில்லை. மிச்சத்தையும் இறக்கச் சொன்னேன். இறக்கினான். அவன் மடியில் வைத்துவிட்டு வந்தேன்.